முற்றத்தில் இறால்செடி, களப்பில் கண்ணா

இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்துண்டே கற்பிட்டிக் குடாநாடு. அதன் மேற்கே திறந்த கடல். கிழக்கே புத்தளம் களப்பு. பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியைக் கடந்து, கற்பிட்டி நகரை அடைவதற்குச் சற்று முன்னர் கடற்பக்கம் திரும்பினால் கண்டக்குழி வரும். மீனவர் கிராமம். கரையில் வள்ளங்கள், அவற்றுக்குப் பின்னால் தென்னைகள், தென்னைகளுக்கு இடையே மணல் முற்றங்களோடு கூடிய வீடுகள். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் இவற்றோடு உல்லாச விடுதிகளும் சேர்ந்துகொண்டன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் சறுக்கி விளையாடவும், கடல் அமைதியாகும் மாதங்களில் டொல்பின்களைப் பார்க்கவும் வெளிநாட்டவர் வருகின்றனர்.

அத்தகைய விடுதி ஒன்றின் வாசலில் கண்ட ஒரு பூஞ்செடியே இக்கட்டுரைக்குக் காரணம். இடுப்பளவு உயரம். கிளை நுனிகளில் செங்கல் நிறமும் செம்பு நிறமும் கலந்த செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வளைந்து தொங்கின. அவித்த இறாலின் முதுகை அப்படியே எடுத்துக் காம்பில் ஒட்டியது போன்ற தோற்றம். அச்செடிக்கு உலகெங்கும் வழங்கும் பெயரும் அதுவே: இறால்செடி. இறாலைப் பிடித்தும், வளர்த்தும், விற்றும் வாழும் ஒரு மாவட்டத்தில், இறாலின் பெயரைத் தாங்கிய செடி அலங்காரத்துக்கு நிற்பது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பின்னர் அதன் வரலாற்றையும் உறவுமுறையையும் தேடிப் படித்தபோது வேடிக்கை கலைந்துவிட்டது. அச்செடியின் நெருங்கிய உறவினர் பலர் நம் ஊர்க்காரர்கள். அவர்களுள் ஒருவர் புத்தளம் களப்பின் கரையிலேயே நிற்கிறார். உண்மையான இறாலுக்காக வெட்டப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

முதலில் விருந்தாளியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இறால்செடியின் தாயகம் மெக்சிக்கோவும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளும் ஆகும். அதற்கு முதன்முதலில் அறிவியற் பெயர் சூட்டியவர் ரவுன்சென்ட் பிராண்டகீ என்னும் அமெரிக்கத் தாவரவியலாளர். அவரும் அவருடைய மனைவி கத்தரீன் பிராண்டகீயும் தாவர ஆராய்ச்சியையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள். 1889இல் திருமணம் முடித்ததும், சான் டியேகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை வழிநெடுகச் செடிகளைச் சேகரித்தபடி நடந்து சென்றதே அவர்களின் தேனிலவுப் பயணம் என்பர். தாம் சேர்த்த பல்லாயிரம் உலர்செடிகளையும் நூல்களையும் அவர்கள் 1906இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினர். அங்கிருந்தபடியே மெக்சிக்கோச் செடிகளை ஆராய்ந்து விவரித்து வந்த பிராண்டகீ, 1912இல் இச்செடிக்கு 'பெலோபெரோன் குட்டாட்டா' என்று பெயரிட்டார். 'குட்டாட்டா' என்றால் புள்ளிகள் உடையது என்று பொருள். செந்நிறச் செதில்களைத்தான் நாம் பூ என்று எண்ணுகிறோம். அவை பூவைத் தாங்கும் பூவடிச் செதில்கள். உண்மையான பூ அவற்றினிடையே நாக்கை நீட்டினாற்போல் எட்டிப்பார்க்கும் மெல்லிய வெண்ணிறக் குழல். அதன் கீழுதட்டில் செந்நிறப் புள்ளிகள் இருக்கும். பிராண்டகீ பார்த்தது அந்தப் புள்ளிகளை. உலகம் பார்த்தது இறாலை.

பிற்காலத்தில், பெலோபெரோன் ஒரு தனிப் பேரினமாக நிற்பதற்கு நியாயம் இல்லை என்று கருதிய அறிஞர்கள் அதனை 'ஜஸ்டீசியா' என்னும் பெரிய பேரினத்தோடு சேர்த்தனர். அங்கே 'குட்டாட்டா' என்னும் பெயர் வேறொரு செடிக்கு ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. எனவே 1969இல் வாசவுசன், சிமித் என்னும் இரு அறிஞர்கள் முதலில் விவரித்தவரின் நினைவாக 'ஜஸ்டீசியா பிராண்டகீயானா' என்று மறுபெயரிட்டனர். இன்று நூல்களில் நிற்பது அப்பெயரே.

ஜஸ்டீசியா என்பதும் ஒரு மனிதரின் பெயர்தான். ஜேம்ஸ் ஜஸ்டிஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கொட்லாந்துக்காரர். நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர், உள்ளமெல்லாம் தோட்டத்தில். குளிர் மிகுந்த அந்நாட்டில் கண்ணாடி வீடு கட்டி அன்னாசியைக் காய்க்க வைத்தவர் என்று பெயர் பெற்றவர். 1754இல் ஸ்கொட்லாந்துத் தோட்டக்காரர்களுக்கென ஒரு கைநூலும் எழுதினார். பூண்டுகளுக்கும் கண்ணாடி வீடுகளுக்கும் செலவழித்தே பொருளிழந்தார். சந்தாப் பணம் கட்டவில்லை என்று இலண்டன் றோயல் சங்கம் 1757இல் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சங்கம் நீக்கிய பெயரைச் செடிகள் வைத்துக்கொண்டன. இன்று வெப்பமண்டல நாடுகளெங்கும் நூற்றுக்கணக்கான இனங்கள் அவர் பெயரால் வழங்குகின்றன.

இங்கேதான் நம் ஊர் கதைக்குள் வருகிறது. 1672இல், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக போல் ஹேர்மன் என்பவர் இலங்கைக்கு வந்தார். பிறப்பால் ஜேர்மானியர். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் செடிகளைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டினார். பலவற்றை ஓவியமாகவும் வரைவித்தார். நாட்டு மக்கள் அவற்றுக்கு வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னர் ஒல்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதன் தோட்டத்துச் செடிகளைப் பற்றி 1687இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு செடியை 'இலங்கையரின் அதாதோடா' என்று குறிப்பிட்டார்.

அதாதோடா என்பது நம் ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்னும் பொருளில் அமைந்த தமிழ்ப் பெயர் என்றே அறிஞர் பலரும் கொள்வர். ஹேர்மன் 1695இல் இறந்தார். அவருடைய இலங்கைச் சேகரம் கைமாறிக் கைமாறி, அரை நூற்றாண்டுக்குப் பின்னர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசின் மேசைக்கு வந்தது. அதனை வைத்தே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். 1753இல், உலகத் தாவரங்கள் அனைத்துக்கும் இருசொற் பெயரிட்ட பெருநூலில், இச்செடிக்கு 'ஜஸ்டீசியா அதாதோடா' என்று பெயர் வைத்தார். வாழிடம் இலங்கை என்றும் எழுதினார். ஸ்கொட்லாந்துத் தோட்டப் பித்தர் ஒருவரின் பெயருக்கு அருகில் ஒரு தமிழ்ச் சொல் அமர்ந்தது அப்படித்தான். ஹேர்மனின் சேகரம் இப்போது இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது.

ஆடாதோடை வேலியில் நின்ற செடி. இருமலுக்கும் சளிக்கும் அதன் இலையை அவித்துக் குடித்தவர்கள் நம் பாட்டிமார். அந்த இலையிலுள்ள 'வாசிசின்' என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே 1960களில் 'புரோம்ஹெக்சின்' என்னும் சளி மருந்து ஆக்கப்பட்டது. மருந்துக் கடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் இருமல் பாணிகள் சிலவற்றின் முன்னோர், நாம் கவனியாமல் விட்ட வேலிச் செடிதான்.

இறால்செடியும் ஆடாதோடையும் ஒரே பேரினம் என்றால், அவை சேர்ந்த குடும்பம் அதைவிடப் பெரியது. தாவரவியலார் அதனை 'அகாந்தேசியே' என்பர். தமிழில் முள்ளிக் குடும்பம் என்று சொல்லலாம். இக்குடும்பத்தை அறியாத தமிழர் இரார். ஒரே குடும்பம் என்று அறிந்தவர்தாம் குறைவு. கூந்தலில் சூடும் கனகாம்பரம் இக்குடும்பம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இப்பூவுக்கும் லின்னேயஸ் 1759இல் ஜஸ்டீசியா என்றே பெயரிட்டிருந்தார். 1832இல்தான் அதற்கு இப்போதைய பேரினப் பெயர் வழங்கப்பட்டது. கனகாம்பரக் கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இறால்செடியின் செதிலடுக்கும் அதே கைவேலைதான். நிறம் மட்டும் வேறு. வேலியோரத்துச் செம்முள்ளி, மார்கழியில் பூக்கும் டிசம்பர்ப் பூ, குளக்கரை நீர்முள்ளி, காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்பு யாவும் இக்குடும்பமே. நீர் பட்டதும் 'பட்' என்று வெடித்து விதை தெறிக்கும் பட்டாசுக்காயைச் சிறுவயதில் வாயிலிட்டு விளையாடாதவர் யார்? அதுவும் இக்குடும்பத்ததே; இறால்செடியைப் போல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, நம் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி, 2006இலும் 2018இலும் மூணாறு மலைகளில் பூத்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. தமிழர் தம் ஐந்திணையில் முதல் திணைக்குப் பெயராக வைத்த பூ, முற்றத்து இறால்செடிக்கு உறவு என்று அன்று ஒருவரும் எழுதியதாக நினைவில்லை.

இனி வளர்ப்பைப் பற்றிச் சிறிது. கண்டக்குழி போன்ற கடலோரத்தில் இறால்செடி வளர்ப்பதில் மூன்று இடையூறுகள் உண்டு. முதலாவது மணல். கற்பிட்டி மணல் நீரைப் பிடித்து வைக்காது. ஊற்றிய நீர் உடனே கீழே இறங்கிவிடும். இறால்செடியின் வேருக்கு நீர் தேங்குவதும் ஆகாது, முற்றாக வறள்வதும் ஆகாது. எனவே குழியிலோ சாடியிலோ மணலோடு மக்கிய சாணமும் இலைக்குப்பையும் தும்புத்தூளும் கலந்து நட்டு, மேலே காய்ந்த தென்னோலையை மூடாக்காகப் பரப்ப வேண்டும். இரண்டாவது காற்று. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகம் உப்பைச் சுமந்து வரும். கடலைப் பார்த்த பக்கம் வைத்தால் இலை கருகும். வீட்டின் கிழக்குப் புறமே ஏற்றது. மூன்றாவது வெயில். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைத்தால் செதிலின் நிறம் நிற்கும். உச்சி வெயிலில் நிறம் வெளிறும். அடர்ந்த நிழலில் தண்டு நீண்டு மெலியும்.

பரப்புவது எளிது. பூ இல்லாத இளந்தண்டை ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி, அடியிலைகளைக் களைந்து, ஈர மணலில் நிழலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் விடும். கிளை நுனிகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் செடி நெடுத்துச் சாயும். ஒரு பருவம் பூத்து ஓய்ந்ததும் பாதியளவுக்கு வெட்டிவிட்டால் அடுத்த தளிர் செறிவாக வரும். ஆண்டின் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், அம்மழையின் தொடக்கமே நடுகைக்கு ஏற்ற காலம். மஞ்சள் செதில் கொண்ட இனம் ஒன்றும் உண்டு. அதனோடு பலரும் குழப்பிக்கொள்ளும் பொன்னிற மெழுகுதிரி போன்ற நிமிர்ந்த பூங்கதிர்ச் செடி வேறு. அது பெரு நாட்டிலிருந்து வந்த இன்னோர் உறவு. குழல் வடிவப் பூக்கள் ஆதலால், தாயகத்தில் ஓசனிச்சிட்டுகள் இறால்செடியை நாடி வரும். அவை இல்லாத நம் நாட்டில் அந்த வேலையைத் தேன்சிட்டுகள் பார்த்துக்கொள்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கற்பிட்டியில் குடிநீரும் பாசன நீரும் மணலுக்கடியில், உவர் நீரின் மேல் மிதந்து நிற்கும் நன்னீர்ப் படையிலிருந்தே கிடைக்கின்றன. வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செறிவாகப் பயிரிடப்படும் இம்மண்ணில் இட்ட இரசாயன உரம் விரைவாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல முறை காட்டியுள்ளன. பூஞ்செடிக்காக அந்தச் சுமையைக் கூட்ட வேண்டியதில்லை. இறால்செடி உரத்துக்கு ஏங்கும் செடியும் அன்று.

முற்றத்துக் கதை இவ்வளவுதான். இனி வீட்டின் முன்புறத்தை விட்டுக் களப்புப் பக்கம் போவோம்.

புத்தளம் களப்பின் கரைகளில் மேலோங்கி நிற்கும் கண்டல் மரங்கள் இரண்டு. ஒன்று, கொக்கின் கால்களைப் போல் வளைந்த தாங்கு வேர்களால் நீரில் நிற்கும் கண்டல். மற்றது, சேற்றிலிருந்து பென்சில்களைக் குத்தி நிறுத்தினாற்போல் மூச்சு வேர்களை மேலே அனுப்பும் கண்ணா. சில இடங்களில் இதனை வெண்கண்டல் என்றும் சொல்வர். லின்னேயஸ் இதன் பேரினத்துக்கு 'அவிசென்னியா' என்று, இஸ்லாமிய மருத்துவ மேதை இப்னு சீனாவின் பெயரை வைத்தார். இந்த இனத்தைச் செங்கடற் பகுதியில் கண்டு விவரித்த அவருடைய மாணவர் போர்ஸ்கால், 1763இல் யேமன் நாட்டில் நோயுற்று இறந்தார்.

இலங்கைத் தாவரங்களுக்குத் தமிழ், சிங்களப் பெயர்களோடு பெருநூல் எழுதிய பேராதனைப் பூங்காப் பணிப்பாளர் ஹென்றி திரைமன், 1895இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் முள்ளிக் குடும்பத்தை ஓரிடத்திலும் கண்ணாவை வேறிடத்திலும் வைத்தார். அக்கால முறைப்படி கண்ணா தேக்கோடு ஒரே குடும்பத்தில் இருந்தது. சிலர் அதற்குத் தனிக் குடும்பமே வகுத்தனர். உருவத்தை மட்டும் பார்த்தால் உறவு தெரியாத மரம் அது. மரபணுக்களை ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வு, கண்ணா முள்ளிக் குடும்பத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று காட்டியது. அப்போதுதான் மலைக் குறிஞ்சியும் களப்புக் கண்ணாவும் ஒரே குடும்பத்தார் என்பது தெரியவந்தது. குறிஞ்சித் திணையின் பூவும் நெய்தல் நிலத்தின் மரமும் உறவுகள். விடுதி வாசலின் மெக்சிக்கோ விருந்தாளிக்குக் களப்பில் நிற்பது ஒன்றுவிட்ட உடன்பிறப்பு.

குணத்தில் இவை எவ்வளவு வேறானவை! இறால்செடி வேரில் நீர் தேங்கினால் அழுகும். கண்ணா நாளுக்கு இருமுறை கடல்நீரில் நிற்கும். காற்றுப் புகாத சேற்றில் வேருக்கு உயிர்வளி கிடைக்காது என்பதால்தான் அது மூச்சு வேர்களை மேலே அனுப்புகிறது. உறிஞ்சிய உப்பை இலையின் சுரப்பிகள் வழியே வெளியேற்றும். வெயில் ஏறியபின் இலையைத் தொட்டால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். விதை மரத்தில் இருக்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடும்; விழுந்தபின் மிதந்து சென்று, பொருந்திய சேற்றில் வேரூன்றும். ஆடாதோடையை ஆடு தொடாது; கண்ணா இலையை ஆடும் மாடும் விரும்பித் தின்னும்.

இம்மரங்களின் வேர்களுக்கிடையேதான் இறாற் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒளிந்து வளர்கின்றன. கடலில் பொரித்த இறால் களப்புக்குள் வந்து, வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகிறது. பருத்தி நூல் வலைகள் இருந்த காலத்தில், கண்டற் பட்டையை அவித்த சாயத்தில் வலையைத் தோய்த்து வலுவூட்டுவது மேற்குக் கரை மீனவர் வழக்கம். நைலோன் வலை வந்தபின் அத்தேவை மறைந்தது. கண்டற்காட்டுக்கும் மீனவர் வீட்டுக்கும் இருந்த அன்றாடத் தொடர்பின் ஓர் இழை அங்கே அறுந்தது.

அதன் பின்னர் வந்தது பண்ணை இறால். இலங்கையில் வணிக இறால் வளர்ப்பு 1970களின் இறுதியில் மட்டக்களப்புப் பக்கம் முளைவிட்டது. போர் அங்கே அதனை நிலைக்க விடவில்லை. 1980களில் முதலீடு வடமேல் மாகாணத்துக்கு வந்தது. சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளை இணைக்கும் பழைய ஒல்லாந்தர் கால்வாயின் இருமருங்கும் பண்ணைகள் பெருகின. முதலில் பெரிய கம்பனிகள். அவற்றின் இலாபத்தைக் கண்டு சிறு பண்ணையாளர்கள், அவர்களுட் பலர் அனுமதியே இல்லாதவர்கள். உப்புச் சதுப்பும் கண்டற்காடும் யாருக்கும் பயன்படாத வெற்று நிலம் என்று கருதப்பட்டன. வரம்பு கட்டிக் குளங்கள் வெட்டினர்.

ஒரே கால்வாயிலிருந்துதான் எல்லாப் பண்ணைகளும் நீர் எடுத்தன. கழிவு நீரையும் அதே கால்வாயில்தான் விட்டன. ஒருவர் குளத்து நோய் அடுத்தவர் குளத்துக்குப் போவதற்கு வேறு வழி தேவைப்படவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. 1998இல் மீண்டும் பேரழிவு. கடன் வாங்கிக் குளம் வெட்டிய சிறியோர் பலர் எழவில்லை. குளங்கள் கைவிடப்பட்டன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 1992க்கும் 2012க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் புத்தளம் களப்பைச் சூழ்ந்த கண்டற்காட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைந்ததையும், பண்ணைகளில் பெரும்பகுதி பயனற்றுக் கிடந்ததையும் செய்மதிப் படங்களைக் கொண்டு காட்டியது. இறாலின் தொட்டிலை வெட்டி இறாலை வளர்க்கப் போய், காடும் போயிற்று, பண்ணையும் போயிற்று.

இதில் எங்கள் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டுகளில் இறால் ஏற்றுமதி வருமானம் பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்தில் மகிழ்ச்சிச் செய்தியாக வந்தது. வெண்புள்ளி நோய் வந்தபோது நட்டக் கணக்கு வந்தது. வெட்டப்பட்ட கண்ணா மரத்துக்கு எந்தப் பக்கமும் இல்லை. அதற்கு ஏற்றுமதி விலை இல்லாததால் அது செய்தியாகவில்லை. அச்செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2016இல் சிலாபத்தை அடுத்த பம்பலையில் கண்டற்காட்டுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024இல் உலக முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றது. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் நடுவது ஒன்று, வளர்வது வேறொன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாடெங்கும் கண்டல் நடும் விழாக்கள் நடந்தன. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? மீட்பு முயற்சி நடந்த 1000 முதல் 1200 ஹெக்டெயர் நிலத்தில் 200 முதல் 220 ஹெக்டெயரில் மட்டுமே வெற்றி. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை.

காரணங்கள் தோட்டக்காரர் எவரும் விளங்கிக்கொள்ளக் கூடியவையே. கண்டலின் நீண்ட முளை கைக்கு எளிதாக அகப்படும், சேற்றில் குத்தினால் நிற்கும், புகைப்படத்துக்கும் அழகு. ஆகவே எல்லா இடத்திலும் அதையே குத்தினர். ஆனால் ஒவ்வொரு கண்டல் இனத்துக்கும் உரிய நீர்மட்டமும் உப்பளவும் வேறு. வறண்ட, உப்பு மிகுந்த மேட்டுச் சேற்றில் கண்ணாதான் தாங்கும். கைவிடப்பட்ட குளங்களிலோ வரம்புகள் அப்படியே நிற்கின்றன. வற்றுப்பெருக்கு உள்ளே வருவதில்லை. வெட்டிப் புரட்டிய சேறு காற்றுப்பட்டுப் புளித்து அமிலமாகியிருக்கிறது. அங்கே ஆயிரம் கன்று நட்டாலும் ஆகாது. வரம்பை உடைத்து நீரோட்டத்தை மீட்டால், அருகில் தாய்மரம் இருக்கும் இடங்களில் விதை தானாகவே மிதந்து வரும். இறால்செடிக்கு வீட்டின் எந்தப் பக்கம் வைப்பது, நீர் வடிகிறதா என்று பார்க்கும் கவனத்தில் பாதியைக் களப்புக் கரையிலும் காட்டியிருந்தால் இத்தனை கன்றுகள் செத்திரா.

கதையின் விசித்திரம் இன்னும் முடியவில்லை. வெண்புள்ளி நோயால் நொந்த பண்ணையாளர்களின் நம்பிக்கையாக, 2010களின் இறுதியில் புதிய இறால் இனம் ஒன்று இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 'வனாமி' என்பது அதன் பெயர். தாயகம், மெக்சிக்கோ முதல் பெரு வரையான பசிபிக் கரை. முற்றத்து இறால்செடியும் மெக்சிக்கோவிலிருந்து வந்தது. குளத்து இறாலும் இப்போது அங்கிருந்தே வருகிறது. வருவோரை நாம் வெறுக்க வேண்டியதில்லை. மிளகாயும் பப்பாளியும் அப்படி வந்தவையே. வந்தவர்க்கு இடம் கொடுப்பதற்காக இருந்தவரை வெளியேற்றினோமா என்பதுதான் கேள்வி.

கற்பிட்டி மண்ணுக்குப் பெயர்களைப் பதிந்து வைக்கும் மரபு ஒன்று உண்டு. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தொகுத்து நூலாக்கினார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்தார். அவர் எழுதி வைத்திராவிட்டால் பல பெயர்கள் நமக்குக் கிடைத்திரா. அதற்கும் முன்னர், ஒல்லாந்த மருத்துவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டு எழுதியதால் ஆடாதோடை உலக அறிவியலில் நிலைத்தது. அவருக்கு அப்பெயரைச் சொன்னவர் யார் என்று எந்த நூலும் சொல்லவில்லை. செடியை அறிந்த ஒரு சாதாரண மனிதராகத்தான் இருந்திருப்பார்.

இன்று கண்டக்குழி விடுதி வாசலில் நிற்கும் செடியின் பெயரைக் கேட்டால் வேலைக்கு நிற்கும் பையன் உடனே சொல்லிவிடுகிறான். களப்பின் ஓரத்தில் நிற்கும் மரத்தைக் காட்டிக் கேட்டால், "அது சும்மா காட்டு மரம் ஐயா" என்கிறான். அவனுடைய பாட்டனாருக்கு அது கண்ணா. பெயர் போன பிறகு மரத்தை வெட்டுவது எளிது. வெற்று நிலம் என்று எழுதிவிடலாம்.

இறால்செடியை வளர்க்க விரும்புவோர் வளர்க்கட்டும். அழகான செடி, அதிகம் கேட்காத செடி. அதை வீட்டின் கிழக்குப் புறத்தில் வைக்கும்போது, அதற்கும் கிழக்கே களப்பில் அதன் உறவு நிற்பதை நினைவில் கொண்டால் போதும். உலகெங்கும் பரந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மன்னாரிலோ, மட்டக்களப்பிலோ, உடப்பிலோ, பிச்சாவரத்திலோ, கடலோரத்தில் வளர்ந்தவர்கள், மூச்சு வேர் விடும் அந்த மரத்தைத் தம் ஊர் முதியோர் எப்பெயரால் அழைத்தனர் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே.